காலணாப் பாட்டும் மதுரகவி பாஸ்கரதாஸும்

பாலவனத்தம் என்றதும் தமிழறிந்தோர் நினைவுக்கு வருபவர் எங்கள் ஊர் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். 1901 செப்டம்பரில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர், வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் நிறுவனத்துக்குத் தலைவராக இருந்தவர். ஏட்டுச் சுவடிகளைத் தேடிச் சேர்த்ததும், புலவர்களைக் கூட்டியதும், 'செந்தமிழ்' இதழ் வெளிவர வழிசெய்ததும் அவருடைய பெரும்பணிகள். அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானோர் பலர் இருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது அதே மதுரையில், அதே காலத்தை ஒட்டி, சங்கத்தின் வாயிற்படியை மிதிக்காமலேயே தமிழ்நாடெங்கும் பரவிய வேறொரு தமிழைப் பற்றி. அந்தத் தமிழுக்குத் தம் வாழ்நாளைக் கொடுத்த ஒரு மனிதரைப் பற்றி.

அவர் மதுரகவி பாஸ்கரதாஸ். இயற்பெயர் வெள்ளைச்சாமி. அருப்புக்கோட்டையைக் கடந்து தெற்கே செல்லும் கரிசல் வெளியில், விளாத்திகுளத்துக்கு அருகே உள்ள நாகலாபுரத்தில் 1892-இல் பிறந்தார். பருத்தியும் கம்பும் வானத்தை நம்பி விளையும் பூமி அது. மழை பொய்த்த ஆண்டுகள் அங்கே மிகுதி. பாட்டுப் பொய்த்த ஆண்டு ஒன்றும் இல்லை. சுற்றுவட்டாரத்தைப் பாருங்கள். மேற்கே கழுகுமலை முருகன்மீது அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச்சிந்து அப்போது ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தது. பக்கத்து எட்டயபுரத்தில் பாஸ்கரதாஸுக்குப் பத்து வயது மூத்தவராக பாரதியார் பிறந்திருந்தார். சிந்து, கும்மி, ஒப்பாரி, தெம்மாங்கு எல்லாம் அந்த மண்ணில் படிக்காமலே வரும் பாடங்கள்.

பாஸ்கரதாஸ் மதுரைக்கு வந்து நாடகத்தோடு வாழ்வைப் பிணைத்துக்கொண்டார். அன்றைய மதுரை நாடகத் தொழிலின் தலைநகர். பாண்டித்துரைத் தேவர் பிறந்த அதே 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள்தான் அந்தத் தொழிலின் பேராசான். 1918-இல் அவர் மதுரையில் தொடங்கிய சிறுவர் நாடக சபையிலிருந்து பின்னாளில் புகழ்பெற்ற நடிகர்கள் பலர் உருவானார்கள். சபை நாடகங்களைத் தவிர 'ஸ்பெஷல் நாடகம்' என்றொரு முறையும் இருந்தது. ஓர் ஊரில் காண்டிராக்டர் ஒருவர் கொட்டகை போடுவார். வள்ளி ஓர் ஊரிலிருந்து வருவார், வேலன் வேறோர் ஊரிலிருந்து வருவார், ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊரிலிருந்து வருவார். ஒத்திகை கிடையாது. கதை எல்லோருக்கும் தெரியும். பாட்டும் தர்க்கமும் அவரவர் கையிருப்பு. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால் இந்த ஏற்பாட்டின் உள்ளமைப்பு என்னை எப்போதும் ஈர்த்து வந்திருக்கிறது. நாடகம் ஒரே கதை, நடிகர்கள் மாறுகிறார்கள் என்றால், ஒரு நடிகரை மற்றொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது எது? பாட்டுதான். பார்வையாளர் இதற்குமுன் கேட்டிராத பாட்டு ஒன்றைக் கையில் வைத்திருப்பவருக்கே அடுத்த அழைப்பு வரும். ஆகவே புதுப் பாட்டுக்கு ஓயாத தேவை இருந்தது. அந்தத் தேவையை நிறைவேற்றிய கவிஞர்கள் பலருள் முதல் வரிசையில் நின்றவர் பாஸ்கரதாஸ். நடிகர்கள் அவரைத் தேடி வந்தார்கள். எழுதிக் கொடுப்பதோடு நில்லாமல் பாடவும் கற்றுக்கொடுத்தார். கே.பி. சுந்தராம்பாள், விஸ்வநாததாஸ், டி.பி. ராஜலட்சுமி என்று அவருடைய பாட்டைப் பாடியவர்களின் பெயர்களை எழுதினாலே அக்கால மேடையின் வரலாறு பாதி முடிந்துவிடும்.

மேடையில் பாடிய பாட்டு விடிந்ததும் என்னவாகும்? இங்கேதான் காலணாப் புத்தகம் வருகிறது.

ஒரு தாள், இரண்டு பக்கமும் அச்சு, மடித்தால் எட்டுப் பக்கம். தைப்பதும் உண்டு, தைக்காமல் விடுவதும் உண்டு. மட்டமான காகிதம், தேய்ந்த எழுத்து, அட்டை என்று தனியாக ஒன்றும் இராது. விலை காலணா, அரையணா, மிஞ்சினால் ஓரணா. ஒரு ரூபாய்க்கு 16 அணா என்பதை அறியாத தலைமுறைக்காகச் சொல்கிறேன்: காலணா என்பது ரூபாயில் 64-இல் ஒரு பங்கு. சென்னையில் இவை விற்ற மாலைச் சந்தைக்குக் குஜிலிக் கடை என்று பெயர். அதனால் இவற்றுக்கே குஜிலி நூல்கள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்துக் கடைகளில் இவை கிடைத்தன. திருவிழாக்களிலும் ரயில் நிலையங்களிலும் வாரச் சந்தைகளிலும் விற்பவரே பாடிக்காட்டி விற்பார். கூட்டம் கூடும்வரை பாடுவார். கதை முற்றும் இடத்தில் நிறுத்துவார். மீதிக்குக் காலணா.

இவற்றில் பாடப்படாத பொருள் இல்லை. ரயில் கவிழ்ந்தால் பாட்டு, வெள்ளம் வந்தால் பாட்டு. 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டபோது பாட்டு. கொலை நடந்தால் கொலைச்சிந்து. 1923-இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஜம்புலிங்க நாடார் மக்கள் மனத்தில் கொள்ளைக்காரர் என்பதிலிருந்து வீரர் என்ற நிலைக்கு உயர்ந்ததற்குப் பாட்டுகள் பெருந்துணை செய்தன. என் தந்தையாரின் தாயார் எழுத்தறியாதவர். ஆயினும் அவருடைய பெட்டியில் இத்தகைய புத்தகங்கள் ஏழெட்டு இருந்தன. படிக்கத் தெரிந்த பையன் எவனாவது வந்தால் படிக்கச் சொல்லிக் கேட்பார். எழுத்தறிவு விகிதத்தை வைத்து அக்காலத்து வாசகர் எண்ணிக்கையை மதிப்பிடுவோர், ஒரு புத்தகத்தைச் சுற்றி எத்தனை காதுகள் இருந்தன என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ஒற்றைத் தாளில் அச்சிட்ட கதைப்பாட்டுகள் அரை பென்னிக்கும் ஒரு பென்னிக்கும் விற்றன. அங்கும் விற்பவர் தெருவில் நின்று பாடினார். தூக்குமேடை, கடற்போர், அரசியல் நையாண்டி, கணவன் மனைவி சண்டை என்று பொருள்களும் ஏறத்தாழ இவையே. வாங்கியவர்கள் வீட்டுச் சுவரிலும் மதுக்கடைச் சுவரிலும் ஒட்டி வைத்தார்கள். பழைய மர அச்சுப் படம் ஒன்றையே பத்துக் கதைகளுக்குப் போடுவது அங்கும் வழக்கம், இங்கும் வழக்கம். ஆனால் மிக நெருங்கிய ஒற்றுமை தலைப்புக்குக் கீழே உள்ள அந்த ஒரு வரிதான். இசைக் குறிப்பு எதுவும் இல்லாமல், இன்ன பாட்டின் மெட்டில் பாடுக என்று அங்கே அச்சிட்டார்கள். நம்மவர்கள் இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று அச்சிட்டார்கள். ஒருவரை ஒருவர் அறியாமல், இரண்டு நூற்றாண்டுகள் இடைவெளியில், ஒரே சிக்கலுக்கு இருவரும் கண்ட ஒரே விடை இது. மெட்டு வாங்குபவரின் தொண்டையில் ஏற்கெனவே இருக்கிறது. அச்சிடுபவர் சொல்லை மட்டும் விற்றால் போதும்.

அந்நாட்டில் சாமுவேல் பீப்ஸ் என்ற கடற்படை அதிகாரி இத்தகைய தாள்களை ஏறத்தாழ 1,800 சேர்த்து வைத்தார். அவை கேம்பிரிட்ஜில் இன்றும் பத்திரமாக உள்ளன. நமக்கு அப்படி ஒருவர் கிடைக்க நாளாயிற்று. செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, தம் வருவாயையெல்லாம் பழைய அச்சுப் பொருள்களில் போட்டார். அவர் மறைவுக்குப் பின் அத்தொகுப்பு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. கற்றவர்கள் கசக்கி எறிந்ததைத் தெருவோர நூல் என்று தாழ்வாகக் கருதாமல் அவர் பொறுக்கி வைத்ததால்தான் முச்சந்தி இலக்கியம் பற்றி ஆ.இரா. வேங்கடாசலபதி போன்ற ஆய்வாளர்கள் எழுத முடிந்தது.

பாஸ்கரதாஸிடம் திரும்புவோம். 1919 ஏப்ரலில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. அதற்குப் பிறகு தமிழ் நாடக மேடையில் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. கதை வள்ளி திருமணமாக இருக்கும், கோவலனாக இருக்கும், அரிச்சந்திரனாக இருக்கும். நடுவில் திடீரென்று பஞ்சாப் படுகொலையைப் பற்றி ஒரு பாட்டு. கதரைப் பற்றி, கள்ளுக்கடையைப் பற்றி, காந்தியடிகளைப் பற்றி ஒரு பாட்டு. குறிஞ்சி நிலத்து முருகனுக்கும் இராட்டினத்துக்கும் என்ன தொடர்பு என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருக்கக்கூடியவர் கொட்டகையின் ஓரத்தில் குறிப்பேட்டுடன் உட்கார்ந்திருந்த காவல்துறை அதிகாரி ஒருவர்தான். இந்தத் தேசியப் பாட்டுகளில் பெரும்புகழ் பெற்றவற்றை எழுதியவர் பாஸ்கரதாஸ்.

1921 செப்டம்பரில் காந்தியடிகள் மதுரையில்தான் தம் உடையைத் துறந்து முழங்கால் அளவு வேட்டிக்கு மாறினார். அந்த மதுரையில் இருந்த கவிஞர், காந்தியை ஏழைத் துறவியாகச் சித்திரிக்கும் பாட்டை எழுதினார். சுந்தராம்பாளின் குரலில் அது இசைத்தட்டாகி வீடு வீடாகச் சென்றது. நாட்டுத் தலைவர் ஒருவரைச் சட்டக் கோட்பாடுகள் வழியாகவோ ஆங்கிலச் சொற்பொழிவின் வழியாகவோ அறியாத மக்கள், தமக்குப் பழக்கமான பண்டாரத்தின், சந்நியாசியின் உருவத்தில் அவரை அறிந்துகொண்டார்கள். இதை நான் சிறிய செயலாக மதிப்பிடவில்லை. காங்கிரஸ் மாநாட்டுத் தீர்மானங்களைத் தமிழில் மொழிபெயர்த்தவர்கள் பலர். தீர்மானத்தைத் தாலாட்டும் தெம்மாங்கும் ஆக்கியவர்கள் சிலரே.

இப்பாட்டுகளின் விலையைக் கொடுத்தவர்கள் பாடியவர்கள். அவர்களுள் முதல்வர் விஸ்வநாததாஸ். 1886-இல் சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வளர்ந்தவர். முடிதிருத்தும் தொழில் செய்த மருத்துவர் குலத்தவர் என்பதால் அவரோடு இணைந்து நடிக்க நடிகையர் சிலர் மறுத்த கொடுமையும் உண்டு. வேலன் வேடத்தில் அவர் மேடைக்கு வந்து, வெள்ளைக் கொக்கு ஒன்று பறந்து வந்து நம் நீர்நிலையில் மீன் கொத்துவதைப் பற்றிப் பாடுவார். தினைப்புனத்தில் பறவை ஓட்டும் காட்சிக்குப் பொருத்தமான பாட்டுதானே என்று தோன்றும். அந்தக் கொக்கு எந்தக் கொக்கு என்பது கொட்டகையில் இருந்த குழந்தைக்கும் தெரியும். பாஸ்கரதாஸ் எழுதியதாகவே அப்பாட்டு வழங்கி வருகிறது. விஸ்வநாததாஸ் 29 முறை கைதானதாகக் கூறுவர். வேடத்தைக் கலைக்காமலேயே கைது செய்து அழைத்துச் சென்றதும் உண்டாம். திருமங்கலத்து வீடு கடனில் மூழ்கியது. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மயில்மீது அமர்ந்த முருகனாகப் பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது.

சட்டத்தின் கை பாடகரை எளிதில் எட்டியது. கவிஞரை எட்டுவது அத்தனை எளிதாக இல்லை. காரணம் அந்தக் காலணாப் புத்தகத்தின் இயல்பிலேயே இருந்தது. ஒருவர் எழுதிய பாட்டை மற்றொருவர் தம் பெயரில் அச்சிடுவார்; அச்சுக்கூடத்தார் முகப்பில் பாடியவரின் பெயரைப் பெரிதாகவும் இயற்றியவரின் பெயரைச் சிறிதாகவும் போடுவார், அல்லது போடவே மாட்டார். உத்தரவின்றி இப்பாட்டுகளை அச்சிடுவோர்மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று கடைசிப் பக்கத்தில் எச்சரிக்கை இருக்கும். அந்த எச்சரிக்கையையும் சேர்த்தே திருடி அச்சிட்டவர்கள் இருந்தார்கள்! 1914-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் காலணா விற்பனைக்குத் துணைவராத சட்டம். 64-இல் ஒரு பங்கு ரூபாய்க்கு விற்கும் பொருளுக்காக வழக்கறிஞரை அமர்த்த எவரால் முடியும்?

இதில் கவிஞருக்குக் கிடைத்தது என்ன என்பதே என் துறைசார்ந்த கேள்வி. ஒரே பாட்டு மூன்று சந்தைகளில் விற்றது. மேடையில் பாடியதற்கு நடிகருக்கு ஊதியம். அச்சிட்டதற்கு அச்சுக்கூடத்தாருக்கும் தெருவில் பாடி விற்றவருக்கும் வருவாய். தட்டில் பதிந்ததற்கு இசைத்தட்டு நிறுவனத்துக்கு லாபம். எழுதியவர் பெரும்பாலும் எழுதிக் கொடுத்த அன்றே ஒருமுறை பெற்றுக்கொண்டு விலகிவிடுவார். பாட்டு எவ்வளவு தூரம் பரவுகிறதோ அவ்வளவு தூரம் அது அவரைவிட்டு விலகுகிறது. பரவாத பாட்டால் பயனில்லை. பரவிய பாட்டு தமதில்லை. இந்த முடிச்சை அவர் அவிழ்க்கவில்லை. அவர் காலத்தில் எவரும் அவிழ்க்கவில்லை. ஆனால் தேசியப் பாட்டைப் பொறுத்தவரை, திருடர்களின் உதவியால்தான் அது தணிக்கையை வென்றது. ஓர் அச்சுக்கூடத்தை மூடினால் வேறோர் ஊரில் மற்றோர் அச்சுக்கூடம் அதையே வேறு முகப்போடு அச்சிட்டது.

அரசும் சும்மா இருக்கவில்லை. 1876-ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் கையில் இருந்தது. 1931-இல் அச்சகங்களைக் கட்டுப்படுத்தப் புதிய அவசரச் சட்டமும் வந்தது. பகத்சிங் தூக்கிலிடப்பட்ட அவ்வாண்டில் அவரைப் பற்றிய பாட்டுப் புத்தகங்கள் தமிழிலும் ஏராளமாக வெளிவந்தன. பல தடை செய்யப்பட்டன. இங்கே ஒரு முரண். 1867-ஆம் ஆண்டின் அச்சுச் சட்டப்படி அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியையும் அரசுக்குத் தரவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு அதன் பட்டியலை வெளியிடும். பெயர், அச்சுக்கூடம், பக்கம், விலை, எத்தனை படி என்பதெல்லாம் அப்பட்டியலில் உண்டு. கண்காணிக்கவென்று தொகுத்த அந்தப் பட்டியல்கள்தாம் இன்று இத்துறை ஆய்வாளருக்குத் தலையாய சான்று. தடை செய்து லண்டனுக்கு அனுப்பிய படிகள் அங்கே நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. தடை செய்யாமல் விட்டவற்றில் மிகப் பலவற்றைக் கரையான் தின்றுவிட்டது.

1931 அக்டோபர் 31 அன்று வெளியான 'காளிதாஸ்' தமிழின் முதல் பேசும்படம் என்று பெயர் பெற்றது. பம்பாயில் எடுத்த படம். நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பேசினார். பாட்டு பாஸ்கரதாஸுடையது. மகாகவி காளிதாசனின் கதைக்கிடையே காந்தியின் இராட்டினத்தைப் பற்றிய பாட்டு வந்தது. மேடையில் நடந்தது திரையிலும் நடந்தது. திரையரங்க வாசலில் பாட்டுப் புத்தகம் விற்கும் வழக்கமும் தொடர்ந்தது. என் மாணவப் பருவத்தில் அருப்புக்கோட்டைத் திரையரங்கு வாசல்களில் பத்துக் காசுக்கு வாங்கிய சினிமாப் பாட்டுப் புத்தகம், அதே எட்டுப் பக்கத்தின் பேரப்பிள்ளைதான். ஆனால் ஒரு வேறுபாடு இருந்தது. காலணாப் புத்தகத்தைப் பார்த்து யாரும் தம் குரலில், தாம் அறிந்த மெட்டில் பாடினார்கள். சினிமாப் பாட்டுக்கு மெட்டும் குரலும் முன்பே முடிவாகிவிட்டன. பாடுவோர் அதைப்போலவே பாட முயன்றார்கள். பேசும்படத்துக்குப் பிறகு நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகத் திரையரங்குகளாயின. தம் வயிற்றுப்பிழைப்பை அழிக்கப்போகும் கலைக்கு முதல் பாட்டை எழுதிக் கொடுத்தவர் என்ற வகையிலும் பாஸ்கரதாஸின் வாழ்க்கை கவனத்துக்குரியது.

அவர் விட்டுச் சென்றவற்றுள் ஒன்று வியப்பானது. இந்த நாடகக் கவிஞர் நாட்குறிப்பு எழுதும் பழக்கமுடையவர். பல ஆண்டுகள் தொடர்ந்து எழுதியிருக்கிறார். நம் மரபில் ஆனந்தரங்கப் பிள்ளைக்குப் பிறகு இவ்வழக்கம் உடையோர் அரிது. மேடைத்தொழில் செய்தவர்களுள் அதனினும் அரிது. அவருடைய பேரர், நாடக இயக்குநர் முருகபூபதியின் முயற்சியால் அது நூலாகியுள்ளது. பெரும் சிந்தனைகளை அதில் தேடுவோர் ஏமாற்றமடையக்கூடும். எங்கே போனார், யார் வந்தார், எந்த நாடகம், என்ன செலவு என்று நாள் நகர்கிறது. எனக்கு அதுவே பொன். கவிஞர்களின் கனவுகளைச் சொல்லும் நூல்கள் நம்மிடம் நிறைய உண்டு. அவர்கள் பயணச்செலவைச் சொல்லும் நூல்கள் எத்தனை?

விடுதலைக்குப் பிறகு தேசியப் பாட்டுக்கு இருந்த சந்தை சுருங்கியது இயல்பே. தடை இருந்தபோது ஒளித்து வாங்கிய புத்தகத்தை, தடை நீங்கிய பின் வாங்க ஆளில்லை. பாஸ்கரதாஸ் 1952-இல் காலமானார்.

அதே 1952 ஆகஸ்டு இறுதியில் சென்னையிலிருந்து புறப்பட்ட போட் மெயில் ரயில், எங்கள் பக்கத்து மானாமதுரை நிலையத்தில் நின்றது. துர்நாற்றம் வீசிய இரும்புப் பெட்டி ஒன்றைத் திறந்தபோது தலையில்லாத உடல் இருந்தது. ஆளவந்தார் கொலை என்று நாடே பேசிய வழக்கு அது. அதைப் பற்றிய கொலைச்சிந்து தமிழ்நாட்டுச் சந்தைகளிலும் ரயில்களிலும் விற்றது. வழக்கம்போல் விற்றவர் பாடிக்காட்டினார். பெட்டியைத் திறக்கும் இடத்தில் நிறுத்தினார்.